தறிக்காரிகள் எழுதிய கடைசிப் பரீட்சை

தறிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் ஏழு பேரும் போன மாதம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தீர்கள். முப்பது வருடம் தறியில் நின்றவள், அதில் கடைசிப் பதினாலு வருடம் சூப்பர்வைசராக இருந்தவள், ஓய்வு பெற்றபின் ஈசிசேரில் சாய்ந்திருப்பாள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் பூப்பந்து மட்டையும் தண்ணீர் பாட்டிலுமாக வெளியே பாய்ந்துகொண்டிருந்தேன். "எங்களுக்கு ஏதாச்சும் சொல்லிக் குடுங்கக்கா" என்று கேட்டீர்கள். மேட்ச் ஆரம்பிக்கப் பத்து நிமிடமே இருந்ததால் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டேன். மனசு உறுத்தியது. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இழை அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுவது, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா சிக்கினால் என்ன செய்வது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை உங்கள் சூப்பர்வைசர் சொல்லித் தருவார், இல்லையென்றால் திட்டித் தருவார். ஒரு சிக்கல் வரும்போது நம் புத்தி ஓடுகிறதா, நின்றுவிடுகிறதா என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் பாதியை நான் தறிக்கூடத்தில் படித்தேன், மீதியைக் காலேஜில் படித்தேன். நாற்பத்தெட்டு வயதில், வேலையையும் விடாமல், பந்தையும் விடாமல், ரேடியோவுக்குக் கடிதம் போடுவதையும் விடாமல் நான் காலேஜுக்குப் போன அந்த மூன்று வருடத்தை நினைத்தால் இப்போதும் எனக்குத் தரையில் கால் பாவாது.

நான் காலேஜில் சேர்ந்ததே ஒரு தப்பினால்தான். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நாற்பது தறி ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் காதில் போய்க் கத்தினாலும் கேட்காது. உங்களுக்கு இப்போது அது பெரிய கஷ்டமாக இருக்கும். ஆறு மாதம் போகட்டும், உதட்டைப் பார்த்தே பேசப் பழகிவிடுவீர்கள். எனக்கும் சண்முகத்தாய்க்கும் அது தாய்மொழி மாதிரி. சண்முகத்தாயை உங்களுக்குத் தெரியும், இப்போதும் நாடாவுக்கு நூல் ஏற்றித் தார் சுற்றும் பகுதியில் இருக்கிறாள். அவளும் நானும் ஒரே வயது. நான் ஆறு மாதம் மூத்தவள் என்பதை அவள் ஒருநாளும் மறக்கவிட்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை அவள் கூடத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு உதட்டை அசைத்து, "ஏட்டி, மடிப்பமா?" என்று கேட்டாள். அந்த வாரம் மடிக்க வேண்டிய சேலை மலைபோல் குவிந்திருந்தது. நான் தலையாட்டி, "சனிக்கிழமை" என்றேன். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சேலை மடிக்க இவ்வளவு சந்தோஷப்படுகிறாளே, நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் பட்டுச்சேலை கட்டி, தலையில் பிச்சிப்பூ வைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டோ, சான்றிதழ் நகல் எடுக்கக் காசு எல்லாம் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் கேட்டது "மடிப்பமா" இல்லை, "படிப்பமா". ப-வும் ம-வும் காதுக்குத்தான் வேறு வேறு, உதட்டுக்கு இரண்டும் ஒன்று. எந்த வயதிலும் பட்டம் படிக்கலாம், சனி ஞாயிறு மட்டும் வகுப்பு என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்துவிட்டு வந்து கேட்டிருக்கிறாள். நான் பதினெட்டு வயதில் பி.ஏ. வரலாறு சேர்ந்து, ஆறாவது மாதம் கல்யாணமாகி நின்றவள். அந்தப் புத்தகங்களை வெகு நாள் பரணில் வைத்திருந்தேன். அது சண்முகத்தாய்க்குத் தெரியும். பட்டுச்சேலையோடு வந்து நிற்பவளிடம், நான் மடிப்பதற்குத்தான் சம்மதித்தேன் என்று எப்படிச் சொல்வது? போய்ச் சேர்ந்துவிட்டேன்.

பிள்ளைகளே, உதட்டைப் பார்த்துப் பேசும்போது சந்தேகம் வந்தால் கையையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். தறியில் ஒரு எழுத்து மாறினால் ஒரு பாவு நூலே வீணாகும். எனக்கு ஒரு எழுத்து மாறி ஒரு பட்டம் கிடைத்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மினி பஸ் டிரைவர், நிதானமான மனிதர். வேலை, படிப்பு, பந்து, ரேடியோ நாலும் ஒரு ஆளுக்குத் தாங்காது, ஏதாவது ஒன்றை விடு என்றார். எதை விட என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். ரசம் ஊற்றிப் பிசைந்து முடிக்கும்வரை யோசித்தார். "சமையல விட்டுரு. அத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். மூன்று வருடமும் பார்த்துக்கொண்டார். மூன்று வருடமும் புளிக்குழம்புதான், ஆனாலும் நான் குறை சொல்லவில்லை.

முதல் நாள் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது "கோமதி" என்றார்கள். நாங்கள் நாலு பேர் எழுந்து நின்றோம். எங்கள் ஊர்க் கோமதி அம்மன் பெயரை வீட்டுக்கு ஒருத்திக்கு வைத்திருக்கிற ஊரில் வேறென்ன நடக்கும்? கடைசியில் எங்களுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். டீச்சர் கோமதி, போலீஸ் கோமதி, சின்ன கோமதி, தறி கோமதி. நான்தான் தறி கோமதி.

இனி என் இரண்டாவது தப்பு. எனக்கு ரேடியோ கேட்டு நேயர் கடிதம் போடும் பழக்கம் பள்ளிக்கூட வயதிலிருந்தே உண்டு. காலையில் ஒலிபரப்பாகும் நிகழ்ச்சியைக் கேட்டதும் ஒரு போஸ்ட் கார்டில் நாலு வரி எழுதிப் போட்டுவிடுவேன். என் பெயரை ரேடியோவில் வாசிக்கும் நாளில் தெருவே எனக்குச் சொந்தம் என்பதுபோல் நடப்பேன். காலேஜில் முதல் கட்டுரை எழுதித் தரச் சொன்னார்கள். அசோகர் போரை விட்டதைப் பற்றி எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த முறையில் எழுதினேன். "வணக்கம். அசோகர் போரை விட்டது மிகவும் அருமை. கேட்டு மகிழ்ந்தோம். இதுபோல் மேலும் பல மன்னர்கள் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, கோமதி, சங்கரன்கோவில்." மொத்தமே ஒன்பது வரி.

எங்களுக்குப் பாடம் எடுத்த மேடத்துக்கு இருபத்தேழு வயது இருக்கும். என் மூத்த மகளைவிடச் சின்னவர். அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார்.

"அம்மா, உங்க கையெழுத்து அழகா இருக்கு. எழுத்துப் பிழையும் இல்ல. என்ன நடந்துச்சுன்னு சொல்லிருக்கீங்க. ஏன் நடந்துச்சுன்னு ஒரு வரிகூட இல்லையே."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைச் சொன்னதோடு விடாமல், அவர் எழுதி வைத்திருந்த குறிப்பேட்டைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே "ஏன்" என்று ஒரு கேள்வி போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தன்னைப் பற்றி யாரும் பேசுவதை அவர் விரும்பமாட்டார்.

அந்த "ஏன்" தறிக்கூடத்துக்குள்ளும் என்னோடு வந்துவிட்டது. அப்போது ஏழாம் நம்பர் தறியில் தினமும் மத்தியானத்துக்குமேல் இழை அறுந்துகொண்டே இருந்தது. அதில் நின்ற பிள்ளைக்குக் கை சரியில்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நானும்தான். அவளை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி முதலாளியிடம் சொல்லக் கிளம்பிய அன்றைக்கு, ஏன் மத்தியானத்துக்குமேல் மட்டும் அறுகிறது என்று ஒரு கேள்வி தலைக்குள் வந்து உட்கார்ந்தது. திரும்பிப் போய் நாலு மணிவரை அந்தத் தறிக்குப் பக்கத்திலேயே நின்றேன். மேலே கூரைத் தகடு ஒன்று விலகியிருந்தது. மூன்று மணிக்குமேல் வெயில் நேராகப் பாவின்மேல் விழுந்து நூலைக் காயவைத்து மொறுமொறுவென்று ஆக்கிவிட்டது. தகட்டைச் சரிசெய்ததும் இழை அறுவது நின்றது. ஆளை மாற்றும் முன்னால் ஏன் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளை இப்போது உங்களுக்கு சூப்பர்வைசர். திட்டும்போது இதை ஞாபகப்படுத்தாதீர்கள்.

பந்து விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நான் ஆடுவது பூப்பந்து. கம்பளி நூலில் செய்த மஞ்சள் பந்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். இரண்டாம் வருடம் மேலநீலிதநல்லூரில் எங்களுக்கு ஒரு போட்டி. அதற்கு மறுநாள் காலேஜில் தேர்வு, பானிபட் போர்கள் பாடம். சர்வ் போடும் இடைவெளியில்கூடப் படித்துவிடலாம் என்று ஒரு மேதாவித்தனம். கையில் பந்து, வாயில் பானிபட். கடைசி ஆட்டம், முப்பத்தைந்து பாயிண்டுக்கு ஆடுவது, இரண்டு பக்கமும் முப்பத்துமூன்று. என் சர்வ். எங்கள் கேப்டன் பின்னாலிருந்து எவ்வளவு என்று கேட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் சொன்னேன், "ஆயிரத்து ஐநூத்து இருபத்தாறு."

எதிர் அணிக்காரர்கள் மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். நடுவரும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். நான் போட்ட சர்வ் வலையில் போய் விழுந்தது. தோற்றோம். சரி, தேர்வாவது மிஞ்சியதா? மறுநாள் தாளைப் பார்த்ததும், முதலாம் பானிபட் போர் நடந்த ஆண்டு என்ன என்ற கேள்விக்கு எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் முப்பத்துமூன்றுக்கு முப்பத்துமூன்று.

ஒருத்தி நாலு தறி பார்க்கிறாள் என்றால் நாலையும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. எது இப்போது கூப்பிடுகிறதோ அதன்முன் முழு ஆளாக நிற்கிறாள், அப்புறம் அடுத்ததுக்குப் போகிறாள். இது எனக்குத் தறியில் தெரியும், மைதானத்தில் மறந்துபோனது. அதற்குப் பிறகு பந்து ஆடும்போது பந்து, படிக்கும்போது படிப்பு, கடிதம் எழுதும்போது கடிதம் என்று இருந்தேன். பந்தை விட்டுவிட்டால் மார்க் கூடும் என்று வகுப்பில் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஞாயிறு காலை பந்து ஆடிவிட்டு வேர்வையோடு வகுப்புக்குப் போன நாட்களில்தான் எனக்குப் பாடம் நன்றாக ஏறியது. சந்தோஷமாக இருக்கிற புத்திக்கு இடம் அதிகம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் வருடம், கடைசிப் பரீட்சை.

அதுவரை எல்லாப் பேப்பரிலும் நானும் சண்முகத்தாயும் எப்படியோ பாஸாகிவிட்டோம். இந்த ஒன்றை எழுதிவிட்டால் பட்டம். நான் சுவர் ஓரம் இரண்டாவது பெஞ்சு, சண்முகத்தாய் ஜன்னல் ஓரம் கடைசிப் பெஞ்சு. நடுவில் இருபதடி இருக்கும். எங்களைக் கண்காணிக்க வந்தவர் ஒரு இளைஞர். கண்டிப்பென்றால் அப்படி ஒரு கண்டிப்பு. ஒருவரும் தலையைத் திருப்பக்கூடாது என்று சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் கை கட்டிக்கொண்டு வரிசைக்கு வரிசை நடந்தார். பாவம், பேண்ட் ஜிப்பு போட மறந்துவிட்டார்.

நான் அதைப் பார்த்த நேரம் சண்முகத்தாயும் பார்த்துவிட்டாள். தலையை லேசாகத் திருப்பினேன், அவள் உதடு அசைந்தது. முப்பது வருடப் பழக்கம், என் உதடும் தானாக அசைந்தது. அவள் என்னைச் சொல்லச் சொன்னாள், நான் அவளைச் சொல்லச் சொன்னேன். நீதான் பெரியவ என்றாள். ஆறு மாதப் பெரியவளுக்கு இது ஒரு வேலையா என்றேன். ஆம்பளைப் பிள்ளை யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லலாமா என்றாள். முதலில் எழுது, அப்புறம் பார்ப்போம் என்றேன். நாங்கள் ஒரு சத்தமும் போடவில்லை. தறிக்கூடத்தில் இதைப் பேச்சு என்றே யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்தத் தம்பி என் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்று, அங்கே என்ன பேசினீர்கள் என்று கேட்டார். நான் எழுந்து, "ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

அதுதான் நான் செய்த பெரிய தப்பு. வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, அவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று வந்த கூச்சத்தில் ஒரு பொய். ஒன்றுமில்லை என்று சொன்னவளின் உதடு அசைந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். இரண்டு பேரின் விடைத்தாளையும் வாங்கிக்கொண்டு, எங்களை சீஃப் அறைக்குக் கூட்டிப்போனார்.

பரீட்சை மையத்துக்குப் பொறுப்பான பெரியவரைத்தான் சீஃப் என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர், மெதுவாகப் பேசுவார். காப்பி அடித்ததாக எழுதி மேலே அனுப்பினால் இந்தப் பரீட்சை மட்டும் போகாது, இந்தப் பருவத்துப் பேப்பர் எல்லாம் போகும், அடுத்து எப்போது எழுத விடுவார்கள் என்றும் சொல்ல முடியாது என்றார். சண்முகத்தாய் என் கையைப் பிடித்தாள். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் பத்தாவதைத் தாண்டிய பெண் கிடையாது. பட்டம் வாங்கியதும் மாட்ட வேண்டும் என்று சுவரில் ஆணிகூட அடித்து வைத்திருந்தாள்.

நாங்கள் தறிக்காரிகள், சத்தத்தில் வேலை செய்கிறவர்கள், உதடு அசைவது பழக்கம் என்று நான் எடுத்துச் சொன்னேன். சீஃப் நம்பவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து யாராலும் படிக்க முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், வராந்தாவின் அந்தக் கடைசியில் நின்று உதட்டை மட்டும் அசைத்தார்.

"காலையில் இட்லி சாப்பிட்டீங்களான்னு கேக்கீங்க சார். தோச" என்று இங்கிருந்தே சத்தமாகச் சொன்னேன்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சீஃப் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்போ இருபதடிக்கு அங்கிருந்து விடையும் கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

என் திறமையைக் காட்டிக் காட்டி நானே எனக்குக் குழி தோண்டியிருக்கிறேன். சீஃப் இரண்டு வெள்ளைத் தாள் எடுத்தார். என்னை அந்த அறையிலேயே உட்காரவைத்து, சண்முகத்தாயைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். இருவரும் என்ன பேசினோம் என்று தனித்தனியாக எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் திரும்ப எழுதலாம். ஒத்துப்போகவில்லை என்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

இந்த வித்தையை நான் நூறு தடவை செய்திருக்கிறேன். ஒரு சேலையில் பழுது வந்தால், பகல் ஷிப்டுக்காரியையும் ராத்திரி ஷிப்டுக்காரியையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்பேன். இப்போது நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. சண்முகத்தாய் என்ன எழுதுவாள்? கட்டின புருஷன் பெயரையே வாயால் சொல்லாதவள். ஒரு வயசுப் பையனின் ஜிப்பைப் பற்றி எழுதுவாளா? மாட்டாள். பேனாவில் மை தீர்ந்தது, அதைச் சொன்னேன் என்று எழுதுவாள். அல்லது மணி கேட்டேன் என்று எழுதுவாள். பேனாவா, மணியா? பேனாவாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து "பேனா" என்று எழுதத் தொடங்கி, "பே" வரைக்கும் வந்துவிட்டேன்.

அங்கே நிறுத்தினேன். நான் யூகித்துப் பொய் எழுத, அவளும் யூகித்துப் பொய் எழுதினால் எத்தனை பொய் இருக்கிறது உலகத்தில், எது எதோடு ஒத்துப்போகும்? ராத்திரி ஷிப்டுக்காரியும் பகல் ஷிப்டுக்காரியும் பேசிவைக்காமலே ஒரே மாதிரி சொன்ன நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அந்த நாட்களில் எல்லாம் அவர்கள் நடந்ததைத்தான் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேர் கூடிப் பேசாமல் சந்தித்துக்கொள்ள முடிகிற இடம் அது ஒன்றுதான். சண்முகத்தாய் அங்கே வருவாளா என்பது எனக்குத் தெரியாது. வந்தால் நான் அங்கே இருக்க வேண்டும்.

"பே"-யை அடித்துவிட்டு எழுதினேன். யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு சொல் விடாமல், ஆறு மாதப் பெரியவள் என்பது உள்பட எழுதினேன். அதற்குக் கீழே, ஏன் ஒன்றுமில்லை என்று பொய் சொன்னேன் என்றும் எழுதினேன். நாற்பது பேருக்கு முன்னால் அந்தத் தம்பி தலைகுனிய வேண்டாமே என்று நினைத்ததுதான் காரணம். அவருக்கும் அம்மா இருப்பாள். பிறகு தாளை நாலாக மடித்து, மேலே "சார் மட்டும் படிக்கவும்" என்று எழுதிக் கொடுத்தேன்.

சீஃப் என் தாளைப் படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு சண்முகத்தாயின் தாள் வந்தது. அதையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். அந்தத் தாளை என் பக்கம் திருப்பினார். சண்முகத்தாய் இப்படி எழுதியிருந்தாள்.

"அந்தத் தம்பியின் உடுப்பில் ஒரு குறை இருந்தது. அதை யார் சொல்வது என்று எங்களுக்குள் தகராறு. எந்த இடத்தில் குறை என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கோமதி எழுதியிருப்பாள், அவளிடம் கேட்டுக்கொள்ளவும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் அவளைப் பற்றி என்னவெல்லாமோ யூகித்துக்கொண்டிருந்த நேரத்தில், கோமதி உண்மையைத்தான் எழுதுவாள் என்று அவள் ஒரு சந்தேகமும் இல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அந்த "பே"-யை நான் முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

சீஃப் அந்தத் தம்பியை வெளியே அழைத்துப்போய்க் காதில் ஏதோ சொன்னார். தம்பி விறுவிறுவென்று எங்கேயோ போய்விட்டு வந்தார். வரும்போது சட்டையை வெளியே எடுத்து விட்டிருந்தார், காது இரண்டும் சிவந்திருந்தது. நாங்கள் இழந்த நேரத்தைக் கடைசியில் கூட்டித் தரும்படி சீஃப் சொன்னார். அந்தத் தம்பியே எங்கள் விடைத்தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். என் பெஞ்சுக்கு முன்னால் குனிந்து மெதுவாகப் பேசினார்.

"அம்மா, இனிமே இப்படி எதுவும்னா என்கிட்டயே சொல்லிருங்க."

"எல்லாரும் இருக்கும்போது சத்தமாவா சார்?"

சட்டையின் கீழ் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். "வேண்டாம், வாயசைச்சாப் போதும்" என்றார்.

அதற்கப்புறம் நான் எழுதியதுபோல் என் ஆயுளில் எழுதியதில்லை. பேனா தானாக ஓடியது. மணி அடித்தபோது எனக்கு முடிக்கவே மனசில்லை. வெளியே வந்து நானும் சண்முகத்தாயும் படிக்கட்டில் உட்கார்ந்து, வயிறு வலிக்கும்வரை சிரித்தோம். போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் பேப்பர் அவ்வளவு ஈசியா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எங்கள் பக்கம் நியாயம் இருந்தது, அதனால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். நியாயத்தோடு போயும் முதல் வார்த்தையிலேயே பொய் சொல்லி நானே எல்லாவற்றையும் சிக்கலாக்கினேன். தறியில் பழுது விழுந்தால் மறைக்காமல் உடனே சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். அவர் கத்துவார். கத்தட்டும். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மைக்கும் ஆள் சாட்சி தேட வேண்டி வரும்.

ரிசல்ட் வருவதற்குள் இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் சண்முகத்தாய் தூங்கவில்லை. சீஃப் மேலே ஏதாவது எழுதி அனுப்பியிருந்தால் என்ன செய்வது என்று தினமும் கேட்பாள். நான் தைரியம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நான் தூங்காமல் கிடப்பேன். ரேடியோவுக்குக் கடிதம் போடக்கூட மறந்துபோனேன். என்னைக் காணவில்லை என்று ஒரு நாள் ரேடியோவிலேயே விசாரித்தார்கள்.

ஒரு புதன்கிழமை, பதினோரு மணி. நாற்பது தறியும் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ரிசல்ட் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் வாசல் பக்கம் போய், போனில் ரிசல்ட் பக்கத்தைத் திறந்து பரீட்சை நம்பரைத் தட்டினேன். அது சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. முதலில் என் நம்பர் வந்தது. பிறகு சண்முகத்தாயின் நம்பரைப் போட்டேன். இரண்டையும் இரண்டு தடவை பார்த்தேன்.

உள்ளே வந்தேன். சண்முகத்தாய் அந்தக் கோடியில் தார் சுற்றும் இடத்தில், வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க ஆசை, ஆனால் நடுவில் அத்தனை தறி. நின்ற இடத்திலேயே இரண்டு விரலைக் காட்டி உதட்டை அசைத்தேன். ரெண்டு பேரும் பாஸ்.

உங்களுக்குத் தெரியுமே, நம் கூடத்தில் உதட்டில் ரகசியம் பேச முடியாது. சண்முகத்தாய்க்கு நான் சொன்னதை நடுவில் இருந்த அத்தனை பேரும் படித்துவிட்டார்கள். முதலில் ஏழாம் தறி நின்றது. அடுத்து எட்டு, அதற்கடுத்து எதிர் வரிசை. ஒவ்வொருத்தராகக் கைப்பிடியைத் தள்ளித் தறியை நிறுத்தினார்கள். முப்பது வருடத்தில் கரண்டு இருக்கும்போது நாற்பது தறியும் நின்று நான் பார்த்ததில்லை. அந்த அமைதியில் சண்முகத்தாய் அழுவது அந்தக் கோடியிலிருந்து எனக்குக் காதாலேயே கேட்டது.

முதலாளி ஆபீஸ் அறையிலிருந்து பதறிக்கொண்டு வந்தார். "என்னாச்சு, கரண்டு போயிட்டா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி" என்றாள் ஏழாம் தறிக்காரி. "அக்கா ரெண்டு பேரும் பாஸாயிட்டாவ."

முதலாளி மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தார், நின்றுகிடந்த நாற்பது தறியையும் பார்த்தார். "சரி, அஞ்சு நிமிஷம் நிக்கட்டும்" என்றார்.